வேகமானி அளவுத்திருத்தம்

வேகமானி அளவுத்திருத்தம் என்பது, ஒரு வாகனத்தின் வேகமானி காட்டும் வேகத்தை அவ்வாகனம் உண்மையில் செல்லும் வேகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பின் அதனைச் சரிசெய்தல் ஆகும். சரக்குந்துகளில் (லாரிகளில்) முன்பிருந்ததைவிடப் பெரிய டயர்கள் பொருத்தப்படும்போது இது இன்றியமையாததாகிறது. டயர் பெரிதானால் வேகமானி முன்பு காட்டியதைவிடக் குறைவான வேகத்தையே காட்டும். முள் வழக்கம்போல் நகர்வதால் ஓட்டுநரால் இப்பிழையை எளிதில் உணர இயலாது.

வேகமானி இயங்கும் முறை

பெரும்பாலான சரக்குந்துகளின் வேகமானி சாலையில் செல்லும் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. பல்லிணைப் பெட்டியின் (கியர் பெட்டியின்) வெளியீட்டுத் தண்டு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதையே அது அறிகிறது. சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி எவ்வளவு தொலைவு நகரும் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட டயரின் சுற்றளவைக் கொண்டு முன்னரே கணக்கிடப்பட்டுக் கருவியில் அமைக்கப்பட்டிருக்கும்.

வேகமானிகள் இரு வகைப்படும்.

* இயந்திர வகை: செருமானியரான ஒட்டோ சூல்ட்சே 1902ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. தண்டின் சுழற்சி வளையக்கூடிய கம்பிவடம் வழியாக ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தம் அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதனைத் தன்னோடு இழுக்கும். கிண்ணத்தோடு இணைந்த முள்ளை ஒரு மெல்லிய சுருள்வில் எதிர்த்திசையில் இழுக்கும். இவ்விரு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.
* மின்னணு வகை: தண்டின் அருகிலுள்ள உணரி ஒவ்வொரு சுழற்சிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மின்துடிப்புகளை அனுப்பும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்புகள் என்னும் எண் கருவியில் பதிவாகியிருக்கும்.

இரு வகைகளிலும் டயரின் சுற்றளவு ஓர் எடுகோளே ஆகும். டயரை மாற்றினால் அந்த எடுகோள் பொய்யாகிவிடும்.

பிழையின் அளவு

வேகமானி தொடக்கத்தில் சரியாக இருந்ததாகக் கொண்டால், பின்வரும் வாய்பாட்டால் உண்மை வேகத்தைக் கணக்கிடலாம்.

உண்மை வேகம் = காட்டும் வேகம் × புதிய டயரின் சுற்றளவு ÷ பழைய டயரின் சுற்றளவு

எடுத்துக்காட்டாக, 9.00–20 அளவுள்ள ரேடியல் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1,019 மி.மீ.; 10.00–20 அளவுள்ளதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 1,054 மி.மீ. தயாரிப்பாளரைப் பொறுத்து இவை சிறிது மாறும். இரண்டிற்கும் உள்ள விகிதம் 1.034. எனவே முள் மணிக்கு 60 கி.மீ. காட்டும்போது வண்டி 62 கி.மீ. வேகத்திலும், 80 காட்டும்போது ஏறத்தாழ 83 கி.மீ. வேகத்திலும் செல்லும்.

இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தடை (பிரேக்) பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 3.4 விழுக்காடு கூடினால் அத்தொலைவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும்.

எல்லா டயர் மாற்றமும் ஒரே திசையில் பிழை தருவதில்லை. 295/90–20 எனக் குறிக்கப்படும் டயரில் அகலம் 295 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 90 விழுக்காடு, அதாவது 265.5 மி.மீ. இதன் இருமடங்கோடு 20 அங்குல விளிம்பின் 508 மி.மீ.யைக் கூட்டினால் வெளிவிட்டம் 1,039 மி.மீ. ஆகும். 10.00–20 டயருக்கு மாற்றாக இதனைப் பொருத்தினால் வேகமானி முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். டயர் தேய்வதும் இத்தகையதே. மேற்பரப்பு 10 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 20 மி.மீ. குறையும்.

தொலைவுக் கணக்கில் விளைவு

ஓடிய தொலைவைக் காட்டும் ஓடோமீட்டரும் இதே சுழற்சியைக் கொண்டே இயங்குகிறது. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் ஏறத்தாழ 40 கி.மீ. ஆகும். மேற்கூறிய டயர் மாற்றத்திற்குப் பின் அப்பயணம் 38.7 கி.மீ. என்றே பதிவாகும். வண்டி 1,00,000 கி.மீ. ஓடியிருக்கையில் ஏறத்தாழ 96,700 கி.மீ. மட்டுமே கணக்கில் வரும். இதனால் எண்ணெய் மாற்றுதல் போன்ற பராமரிப்புகள் தாமதமாகும். ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி ஓடும் தொலைவும் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

பிழையைக் கண்டறிதல்

* சுற்றளவை அளத்தல்: டயரில் உரிய காற்றழுத்தமும் வண்டியில் வழக்கமான சுமையும் இருக்க வேண்டும். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, வண்டியை நேராக ஐந்து சுற்றுகள் நகர்த்தி, கடந்த தொலைவை ஐந்தால் வகுக்க வேண்டும். சுமையால் டயர் அமுங்குவதால், விட்டத்தைக் கொண்டு கணக்கிடும் சுற்றளவைவிட இது சற்றுக் குறைவாக இருக்கும்.
* கிலோமீட்டர் கற்களைப் பயன்படுத்தல்: முள்ளை 60இல் நிலையாக வைத்து ஓட்டினால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 60 நொடிகள் ஆக வேண்டும். 58 நொடிகளே ஆனால் உண்மை வேகம் 62 கி.மீ. ஆகும். நிறுத்துகடிகாரத்தை உடன் வருபவரே இயக்க வேண்டும். மூலக்குளம் போன்ற நெரிசல் மிகுந்த இடங்களில் வேகத்தை நிலையாக வைத்திருக்க இயலாது. ஆகவே ஊரைக் கடந்த நேரான சாலையே இதற்கு ஏற்றது. கற்களின் இடைவெளி சிறிது முன்பின்னாக இருக்கலாம் என்பதால் பல கிலோமீட்டர்களுக்கு அளந்து சராசரி காண்பது நன்று.
* செயற்கைக்கோள் இடங்காட்டியோடு (ஜிபிஎஸ்) ஒப்பிடல்: இது டயரைச் சாராமல் வேகத்தை அளக்கிறது. வேகத்தை மாற்றாமல் சிறிது நேரம் ஓட்டியபின் இரு எண்களையும் ஒப்பிட வேண்டும்.

திருத்தும் முறைகள்

இயந்திர வகையில், கம்பிவடத்தைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம் மாற்றப்படும். 30 பற்கள் கொண்டதற்குப் பதிலாக 29 பற்கள் கொண்டதைப் பொருத்தினால் கம்பிவடம் 3.4 விழுக்காடு விரைவாகச் சுழலும். பொருத்தமான பற்சக்கரம் கிடைக்காதபோது, கம்பிவடத்தின் இடையே விகிதம் மாற்றும் சிறு பெட்டி இணைக்கப்படும்.

மின்னணு வகையில், பதிவாகியுள்ள எண் கண்டறிகருவியின் உதவியால் மாற்றப்படும். ஒரு கிலோமீட்டருக்கு 8,000 துடிப்புகள் என்றிருந்தால் அதனை 1.034ஆல் வகுத்து ஏறத்தாழ 7,737 எனப் பதிய வேண்டும். திருத்தியபின் மீண்டும் சாலையில் ஓட்டிச் சரிபார்ப்பது அவசியம். திருத்தம் அதன்பின் ஓடும் தொலைவுக்கே பொருந்தும் என்பதால், டயர் மாற்றிய நாளையும் திருத்திய நாளையும், அந்நாள்களில் ஓடோமீட்டர் காட்டிய எண்களையும் குறித்து வைத்தல் நலம்.

சட்ட விதிகள்

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் ஒழுங்குவிதியின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் அக்கூடுதல் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மை வேகம் 60 எனில் முள் 60க்கும் 70க்கும் இடையில் நிற்கலாம். பெரிய டயர் இந்தப் பாதுகாப்பு இடைவெளியையே குறைக்கிறது. முன்பு சற்றுக் கூட்டிக் காட்டிய வேகமானி, டயர் மாற்றத்திற்குப் பின் சரியாகக் காட்டவும் கூடும். எனவே அளந்து பார்க்காமல் திருத்துதல் தவறு.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி வேகமானியைப் பற்றியும், 118ஆம் விதி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியும் கூறுகின்றன. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் உற்பத்தியான போக்குவரத்து வாகனங்களுள் பெரும்பாலானவற்றில் உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. எனவும், தாங்கியுந்துகள் (டேங்கர் லாரிகள்), பள்ளிப் பேருந்துகள் முதலியவற்றில் 60 கி.மீ. எனவும் வரையறுக்கப்பட்டது. இக்கருவியும் சுழற்சியைக் கொண்டே வேகத்தை அறிவதாயின், திருத்தப்படாத வண்டியில் 80 என்னும் எல்லை உண்மையில் 83 ஆகிவிடும்.

போக்குவரத்து வாகனங்களின் பதிவுச் சான்றிதழில் டயரின் அளவும் குறிக்கப்படுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆகவே தயாரிப்பாளர் அவ்வண்டிக்கு ஏற்றுக்கொண்ட அளவுகளுக்குள் மட்டுமே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகமானியைத் திருத்துவதால் பொருந்தாத டயர் பொருத்தமானதாகிவிடாது.

இவற்றையும் பார்க்க

* வேகமானி
* ஓடோமீட்டர்
* டயர்
* சுழல் மின்னோட்டம்