டேங்க் கன்ட்ரோல்: பயமா, எரிச்சலா?

இந்த எபிசோட் பிரம்மதேசத்துல சித்தி வீட்டுல இருந்து. கொஞ்ச தூரத்துல மரக்காணம் உப்பளம். பின்னாடி மயில் கத்தினா கண்டுக்காதீங்க.

இன்னிக்குப் பேசப்போறது 1996-ல் கேப்காம் வெளியிட்ட, ஷின்ஜி மிகாமி இயக்கின 'ரெசிடென்ட் ஈவில்'. சித்தி பையன்கிட்ட கொடுத்தேன். ரெண்டே நிமிஷம். "அண்ணா, கீ வேலை செய்யல!"

வேலை செய்யுது. இடது கீயை அழுத்தினா ஜில் இடது பக்கம் நடக்க மாட்டாங்க. நின்ன இடத்துலேயே திரும்புவாங்க. மேல் கீயை அழுத்தினா, முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடப்பாங்க. உப்பளத்து வரப்புல தலையில கூடையோட போறவங்களைப் பார்த்திருக்கீங்களா? நின்னு, உடம்பைத் திருப்பி, அப்புறம்தான் அடுத்த அடி. அதேதான்.

ஏன் இப்படி? அந்த மாளிகையை அவ்வளவு நுணுக்கமா 3டி-யில வரைய பிளேஸ்டேஷனுக்குத் திராணி இல்லை. அதனால அறைகள் எல்லாம் முன்கூட்டியே செஞ்சு வெச்ச படங்கள். 1992-லேயே 'அலோன் இன் தி டார்க்' பிடிச்ச வழி இது. கேமரா மூலையில மாட்டின சிசிடிவி மாதிரி நிக்கும். நாலு அடி நடந்தா கோணம் சட்டுனு மாறும். திரையோட திசையை வெச்சு நடந்தா, அந்த நொடியில நீங்க வந்த வழியே திரும்பிடுவீங்க. டேங்க் கன்ட்ரோல்ல விரலை எடுக்காம நேரா போகலாம். அப்போதைய கன்ட்ரோலர்ல அனலாக் ஸ்டிக்கும் கிடையாது.

இதுலதான் பயமே இருக்கு. ஸோம்பி மெதுவாத்தான் வருது. ஆனா சுடணும்னா நீங்க நிக்கணும். முனகல் கேட்கும், ஆளு ஃபிரேம்ல இருக்காது. 2015 எச்டி பதிப்புல நவீன கன்ட்ரோலும் உண்டு. அதுல ஸோம்பியைச் சுத்தி ஈஸியா நழுவிட்டேன். பாதி பயம் போச்சு.

அதுக்காகப் பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல மாட்டேன். கிறிஸ் கையில 6 பொருள்தான் கொள்ளும்; பெட்டிக்கும் கதவுக்கும் ஓடுறது வெறும் அலுப்பு. சேவ் பண்ண டைப்ரைட்டர் ரிப்பன் வேணும், அதுவும் அளவாத்தான் கிடைக்கும். யூபிஎஸ் இல்லாத வீட்டுல, கரண்ட் போற நேரத்துல... அது தனி ஹாரர்!

புதுசா ஆடுறவங்க ஜில்லை எடுங்க, 8 இடம் இருக்கு. சாப்பாட்டு மேஜையைச் சுத்திப் பத்து நிமிஷம் சும்மா ஓடிப் பழகுங்க. அடுத்த காரிடார் கதவைத் திறக்கிற வரைக்கும் அங்க யாரும் கடிக்க வரமாட்டாங்க.