கொற்கையும் காயலும்

பொதியமலையிற் பிறந்து மன்னார் வளைகுடாவிற் கலக்கும் தாமிரபருணி, தன் கரையில் ஊர்களை வளர்த்ததோடன்றி, தன் முகத்துவாரத்துத் துறைமுகங்களைத் தூர்த்தும் வந்திருக்கின்றது. இஃது எங்ஙனம் நிகழ்ந்ததென்பதை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பாண்டியரின் முத்துத்துறையாய் விளங்கியது கொற்கை. சங்கநூல்கள் அதன் முத்தைப் புகழ்கின்றன. கி. பி. முதல் நூற்றாண்டிற் 'பெரிப்ளுஸ்' என்னும் நூலை இயற்றிய கிரேக்க வணிகரோ, தண்டனை பெற்ற குற்றவாளிகளே ஆங்கு முத்துக்குளிக்க ஏவப்பட்டனரென்கிறார். முத்தின் ஒளியைப் புகழ்வோர் அதனை எடுத்தவர் பட்ட துயரை மறத்தலாகாது.

ஆறு வெள்ளந்தோறும் வண்டலைக் கொணர்ந்து முகத்துவாரத்தில் இட்டது. ஆகவே கரை கிழக்கே நீண்டது, கடல் விலகிற்று. கொற்கையை விட்ட வாணிகம் காயலையடைந்தது. ஓர்மஸ், ஏடன் முதலிய இடங்களினின்று குதிரையேற்றிவரும் மரக்கலங்கள் காயலில் தங்குமென 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாடு வந்த மார்க்கோ போலோ கூறினார். பின்னர் அத்துறையும் வண்டலால் தூர்ந்தது. அத்தியட்சர் கால்டுவெல் இவ்விடங்களை அகழ்ந்தாராய்ந்து, 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவற்றை விளக்கினார்.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இக்கரையில் வேரூன்றியபின், ஆற்றுமுகத்திற்கு வடக்கே விலகிநின்ற தூத்துக்குடி தலையெடுத்தது. ஆயினும் கரையோரம் ஆழமின்மையாற் பெருங்கப்பல்கள் நெடுங்காலம் தொலைவிலேயே நங்கூரமிட்டன. சரக்குகள் தோணிகளில் ஏற்றியிறக்கப்பட்டன. 1974இல் அலைதடுப்புச் சுவர்களோடு புதிய துறைமுகம் திறக்கப்பட்டது.

இன்று கொற்கை கடலினின்று சில மைல் உள்ளே, வயல்சூழ்ந்த சிற்றூராயிருக்கின்றது. வணிகனது துறையைத் தூர்த்த அவ்வண்டலே உழவனுக்கு நிலமாயிற்று. ஊர்களின் பெருமை இயற்கை தந்த கடனேயாம். அதனைத் திரும்பக் கேட்குங் காலமும் உண்டென்பதைக் கொற்கை நமக்குக் காட்டுகின்றது.