சித்தமும் பராமரிப்பும்: முத்துக்குளித்துறையிலிருந்து சில குறிப்புகள்

மாப்பிள்ளையூரணிப் பக்கம் கிறிஸ்தவத் துட்டி வீடுகளில் இரண்டுவிதப் பேச்சு காதில் விழும். வெளியே பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்பார்கள். உள்ளே பெண்கள், 'ஏ மாதாவே, ஒன்னத்தான நம்பியிருந்தோம், பாத்துக்கிட்டு சும்மா இருந்திட்டியே' என்று மாரில் அடித்துக்கொள்வார்கள். இரண்டுமே விசுவாசம்தான். ஒன்று வாயை அடைக்கிறது, மற்றது கணக்குக் கேட்கிறது. இறையியல் 'தேவ பராமரிப்பு' என்று சொல்லும் கருத்து இந்தப் பந்தலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் கிடந்து இழுபடுவதாகவே எனக்குப் படுகிறது.

பராமரிப்பு என்றதும் மின்வாரியம் கரண்டை நிறுத்தச் சொல்லும் காரணம் ஞாபகம் வந்தால் அது வாசகர் குற்றமல்ல. இங்கே அதன் பொருள் வேறு. கடவுள் படைத்ததோடு கைகழுவிவிடவில்லை, படைப்பை அன்றாடம் பேணி நடத்துகிறார் என்பதே அது. பேணுகிறார் என்பதில் யாருக்கும் சங்கடமில்லை. நடத்துகிறவரும் அவரென்றால் நடந்ததெல்லாம் அவர் நடத்தியதா? 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று லிஸ்பன் பூகம்பத்தில் கோயில்கள் பூசைக்கு வந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்தபோது ஐரோப்பியச் சிந்தனை இந்தக் கேள்வியில் ஆடிப்போனது. நம் கரை இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது.

1530களில் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்குப் பின்னால் முத்துச் சலாபத்தின் மீதான போட்டியும் போர்த்துக்கீசியப் படைப் பாதுகாப்பும் இருந்தன என்பது தெரிந்ததே. 1544இல் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைச் சூறையாடியது. தப்பியவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டு பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்த பிரான்சிஸ் சவேரியார் ஜூன் மாதம் இருபது தோணிகளோடு புறப்பட்டார். காற்று எதிர்த்தடித்தது, முனையை எட்ட முடியாமல் திரும்பினார். உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தோல்வியை இறைவிருப்பம் என்றுதான் அவரும் வைக்கிறார். நம்மூர்ப் பிரசங்கியாக இருந்தால் அங்கேயே ஆமென் சொல்லியிருப்பார். சவேரியார் கரைவழியாக நடந்தே போனார். வழியில் பிள்ளை பெற்றவர்கள், உண்ண எதுவும் இல்லாதவர்கள், நடக்கமாட்டாத கிழவர்கள் என்று தான் கண்டதை ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் எழுதி, பணக்காரர்களின் மனம் இளகும்படி மன்றாடச் சொல்கிறார். இறைவிருப்பம் என்ற சொல் அவரிடம் விளக்கமாக இருக்கிறது, விடுப்பாக இல்லை. அவரைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் கேட்டு 1546இல் போர்த்துக்கல் அரசருக்கு எழுதியவரும் இதே ஆள்தான்.

உள்வீட்டுப் பெண்களின் குரலுக்கும் ஒரு பிரதி உண்டு. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில் இலங்கையில் பணிசெய்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் (இறப்பு 1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்'. பெயர்தான் பிரசங்கம், தவக்காலத்தில் அது ஒப்பாரிச் சாயலில் ராகமிட்டுப் படிக்கப்படுகிறது. மகனைப் பறிகொடுத்த தாயின் துக்கத்துக்குச் சடங்குக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறது திருச்சபை. அழுகை அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இதை என்ன செய்வார்கள்? சிலுவையில் தொங்கியவரே 'ஏன் கைவிட்டீர்' என்றுதானே கேட்டார். யோபுவின் கதையிலும், துன்பத்துக்கு நியாயம் கற்பித்த நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். முறையிட்ட யோபுவின் பேச்சே சரியென்கிறார்.

நம் தோழர்கள் மார்க்ஸின் 'அபின்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். மதத்தைத் துன்பத்துக்கு எதிரான மறுப்பாகவும் அவர் அதே பத்தியில் பார்த்ததை விட்டுவிடுகிறார்கள். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டுக்கு எதிரான நூறாவது நாள் ஊர்வலத்துக்குச் சனங்கள் கூடிய இடங்களில் ஒன்று பனிமய மாதா கோயில். அன்றைய துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் இறந்தார்கள். சுனாமியை, ஒக்கியைச் சித்தம் என்றால் ஒருவேளை வாதாடிப் பார்க்கலாம். துப்பாக்கிக் குண்டுக்கு ஒரு விரல் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஓர் உத்தரவு இருக்கிறது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது போலீஸ், மாவட்ட நிர்வாகம் இரண்டின் பொறுப்பும் வெளிவந்தது. அந்தச் சாவுகளுக்கு 'ஆண்டவர் சித்தம்' என்று ஆறுதல் சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ விரலை மறைத்துக் கொடுக்கிறார்.

மழை விஷயம் இன்னும் சிக்கலானது. நல்லவர் கெட்டவர் பாராமல் கடவுள் மழை தருவதைத்தான் மலைப்பிரசங்கம் அவருடைய தாராளத்துக்கு அடையாளமாகக் காட்டுகிறது. உப்பளத்தில் நின்று இதைப் படிப்பது எப்படி? அளத்தில் மழை விழுந்தால் பாத்தி கரையும், கூலி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் விவசாயியின் ஜெபம் பலித்தால் அளத்துக்காரி வீட்டில் அடுப்பு எரியாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியபோது இந்த மாவட்டத்தில் இரண்டு பேருமே மூழ்கினார்கள். இந்த வேலையில்லாத மாதங்களுக்கு நிவாரணம் வேண்டும் என்று உப்பளத் தொழிலாளர்கள் வெகுகாலம் கேட்டுவந்தார்கள். 2022இல்தான் அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் பணம் கைக்கு வந்த அன்று 'மாதா கண்ணத் தொறந்திட்டா' என்று சொல்கிற பெண், அடுத்த வருஷம் கூடக் கேட்டு மனுவில் கைநாட்டும் வைப்பாள். அவளுக்கு இரண்டும் ஒரே காரியத்தில் சேர்ந்தவை.