தூசி உறிஞ்சிக்கு ஏற்ற குழாய்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினால், அதுவரை பேசாமல் கிடந்த பொருள்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும். செபராங் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டில் அவ்வாறு பழுதானது தூசி உறிஞ்சியின் குழாய். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970-களில் உருவாக்கத் தொடங்கிய இந்நகரை ஒட்டி நெடுஞ்சாலைகளும் பிறைத் தொழிற்பேட்டையும் உள்ளன. அங்குத் தூசிக்குப் பஞ்சமில்லை. இயந்திரத்தின் மோட்டார் நன்றாகவே ஓடியது. ஆனால், மின்விசிறியிலிருந்து உதிர்ந்த தூசி தரையை விட்டு அசையவில்லை. குழாயின் கைப்பிடி ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது.

வீட்டுத் தந்தை இணையத்தில் ஒரு குழாயை வாங்கினார். 'எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும், 35 மில்லிமீட்டர்' என்று அதில் எழுதியிருந்தது. வந்த குழாயோ இயந்திரத்தின் வாய்க்குள் நுழையவே இல்லை.

தூசி உறிஞ்சி தோன்றிய காலத்திலேயே குழாய்க்கு முக்கிய இடம் இருந்தது. 1901-இல் இலண்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அது வீட்டுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. குதிரை வண்டியில் தெருவில் நிற்கும்; நீண்ட குழாய்கள் மட்டும் சாளரத்தின் வழியே வீட்டுக்குள் செல்லும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை இதற்குப் பயன்படுத்த முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. தூசி உறிஞ்சியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. உள்ளே காற்றழுத்தம் குறைவதால், வெளிக்காற்று குழாயின் சுவரை எல்லாப் பக்கமும் நெருக்குகிறது. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். குழாயின் வாய் அடைபட்டால், வீட்டு இயந்திரங்கள் பல உள்ளழுத்தத்தை அதிலிருந்து சுமார் 20 கிலோபாஸ்கல் குறைத்துவிடும். அந்த நெருக்கலில் குழாய் சப்பிப் போகாமல் இருக்கவே அதன் உடலில் வளையம் வளையமாக நெளிவுகள் உள்ளன. சில குழாய்களுக்குள் சுருள்கம்பியும் ஓடும்.

சரி, 35 மில்லிமீட்டர்க் குழாய் ஏன் பொருந்தவில்லை? படிவம் மூன்றில் பயிலும் மகள் ஒரு நூலை எடுத்துப் பழைய குழாயின் கழுத்தைச் சுற்றி அளந்தாள். நூலின் நீளம் 110 மில்லிமீட்டர். அதை 22/7 ஆல் வகுத்தபோது 35 கிடைத்தது. புதிய குழாயின் கழுத்தையும் அளந்தாள். நூல் ஏறக்குறைய 126 மில்லிமீட்டர் காட்டியது. அதாவது விட்டம் 40.

"அப்பா, கடைக்காரர் போட்டிருப்பது குழாயின் உள்விட்டம். நமக்கு வேண்டியது கழுத்தின் வெளிவிட்டம்," என்றாள்.

குழாய் வாங்குவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். எண் ஒன்றாக இருந்தாலும் அது எதை அளந்த எண் என்று கேட்க வேண்டும். கழுத்தைப் பூட்டும் முறையும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். சிலவற்றில் அழுத்தும் கொக்கி, சிலவற்றில் திருகு, சிலவற்றில் வெறும் இறுக்கம். பழைய குழாயைக் கடைக்கே எடுத்துச் செல்வதும், இயந்திரத்தின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்வதும் நல்லது.

கழுத்து பொருந்தினால் மட்டும் போதாது. 38 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு, 32 மில்லிமீட்டர்க் குழாயினுடையதைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம். குழாய் குறுகலானால் காற்றோட்டம் தடைபடும். பல இயந்திரங்களில் உறிஞ்சப்படும் காற்றே மோட்டாரையும் குளிர்விப்பதால், மோட்டார் சூடேறி நின்றுவிடக்கூடும். மிக அகலமானாலோ காற்றின் வேகம் குறைந்து, கனமான மணலும் துகளும் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

வட அமெரிக்க வீடுகள் சிலவற்றில் மோட்டார் ஓரிடத்தில் இருக்க, சுவருக்குள் குழாய்கள் ஓடும் அமைப்பு உண்டு. அவ்வமைப்புக்கான சில குழாய்களுக்குள் தூரிகையைச் சுழற்றும் மின்கம்பியும் செல்கிறது. அங்கு வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். மலேசியாவில் 230 வோல்ட். மலிவாகக் கிடைக்கிறதே என்று அத்தகைய குழாயை வரவழைத்து இங்கு இணைப்பது ஆபத்தானது.

அந்தச் செபராங் ஜெயா வீட்டுக் குழாயில் மின்கம்பி இல்லை. வெடிப்பும் ஓரத்தில்தான் இருந்தது. எனவே, தந்தை வெடித்த பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சிய குழாயைப் பழைய கைப்பிடியின் கழுத்துக்குள் திருகிப் பொருத்தினார். கழுத்து பசையால் ஒட்டப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது. புதிய குழாய் கடைக்கே திரும்பியது. பழைய குழாய் ஒரு சாண் குறைந்ததால், மாடிப்படியின் மேல்படிக்கு மட்டும் எட்டவில்லை. அதைத் துடைப்பம் பார்த்துக்கொண்டது.