பாதி மட்டம், பாதி வாட்டம்



தீக்காய நோயாளிகளுக்குப் புண் கழுவும் அறை ஒன்று கட்ட நீங்கள் அனுப்பிவரும் காணிக்கைகளுக்காக நன்றி கூறுகிறோம். அந்த அறையின் தளத்தைப் பற்றி மட்டும் இம்மடலில் எழுத விரும்புகிறோம். தளத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தின் பிழைப்பு பட்டாசை நம்பியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தையும், 2021 பிப்ரவரி 12 அன்று நமக்கு அருகேயுள்ள அச்சங்குளத்தில் 20க்கும் அதிகமானோரைப் பறித்த விபத்தையும் இங்குள்ள எவரும் மறந்துவிடவில்லை. தீயில் வெந்தவர் பிழைத்துக்கொண்டாலும் கட்டுப் பிரித்து, புண்ணைக் கழுவி, மறுபடி கட்டுப் போடுவது வாரக்கணக்கில் நடக்கும். கழுவும் தண்ணீர் தளத்தில் விழும். அது தேங்கினால் வழுக்கும், கிருமியும் பெருகும். ஆகவே தளத்துக்கு நீர் வாட்டம் வேண்டும். ஆனால் நோயாளியைக் கொண்டுவரும் சக்கரப் படுக்கை நிற்கும் இடத்தில் வாட்டம் இருக்கலாகாது. படுக்கை தானே உருளும். ஒரே அறையில் பாதி மட்டமாகவும் பாதி வாட்டமாகவும் தளம் அமைய வேண்டும்.

நமக்கு உதவும் பொறியாளர் சகோதரர் ரெவிட் என்னும் கணினி மென்பொருளில் அறையை வரைந்து காட்டினார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002 முதல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்திடம் இருக்கும் மென்பொருள் அது. வெறும் கோடுகளாக அல்லாமல், சுவர், தளம், கதவு எல்லாவற்றையும் உருவத்தோடும் கனத்தோடும் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கலாம்.

அறை 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். முதல் படத்தில் அவர் 'ஸ்லோப் ஆரோ' என்னும் சாய்வு அம்புக்குறியைப் போட்டிருந்தார். அது தளம் முழுவதையும் ஒரே பலகைபோல் சாய்த்துவிடும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வாட்டம் விட்டதில், கதவிலிருந்து எதிர்ச்சுவருக்குள் 14 சென்டிமீட்டர் இறக்கம். படத்தைப் பார்த்த எங்கள் வார்டு சிஸ்டர், "ஐயா, இதில் டிராலி எப்படி நிற்கும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி சிமெண்டு போட்ட பிறகு வந்திருந்தால், உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி தளத்தை உடைப்பதற்கே போயிருக்கும்.

சகோதரர் அம்புக்குறியை நீக்கினார். தளம் மட்டமாக இருந்தால்தான் அடுத்த கருவி வேலை செய்யுமாம். கதவிலிருந்து 3 மீட்டரில், தளத்தின் குறுக்கே 'ஸ்பிலிட் லைன்' என்னும் பிரிகோடு ஒன்றை இழுத்தார். காகிதத்தை மடிக்கும் இடத்தில் கோடு போடுவது போன்றது அது. கதவுப் பக்கத்து 3 மீட்டர் படுக்கைக்கு. மீதி 4 மீட்டர் கழுவுவதற்கு. கழுவும் பகுதியின் நடுவில், வடிகால் ஜாலி வரும் இடத்தில், ஒரு புள்ளி வைத்து அதை மட்டும் 3 சென்டிமீட்டர் இறக்கினார். உடனே அந்தப் பகுதி நான்கு முக்கோணங்களாக மடிந்து, நாலாபக்கமிருந்தும் ஜாலியை நோக்கிச் சரிந்தது. படுக்கைப் பகுதி அசையவில்லை. பிரிகோடு இல்லாதிருந்தால், மடிப்பு கதவோரத்து மூலைகள்வரை ஓடி, படுக்கைப் பகுதியையும் சாய்த்திருக்கும்.

ஒரே புள்ளியை இறக்கினாலும் வாட்டம் எல்லாப் பக்கமும் ஒன்றாயிராது. பக்கச்சுவர் ஜாலியிலிருந்து 1.5 மீட்டர், அங்கே வாட்டம் நூற்றுக்கு 2. மூலை 2.5 மீட்டர், அங்கே நூற்றுக்கு 1.2 மட்டுமே. எனவே தண்ணீர் மெதுவாக வடியும் இடம் மூலைதான். கொத்தனாரிடம் அதைக் கவனித்துப் பூசும்படி முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. தளம் என்பது அடியிலே காங்கிரீட், மேலே கலவை, அதன்மேல் ஓடு. இவற்றில் எது கனம் மாறலாம் என்பதை மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காங்கிரீட்டும் சேர்ந்து அடிவரை வளையும். கலவை அடுக்கை மட்டும் 'வேரியபிள்' என்று குறித்தால், காங்கிரீட் மட்டமாகவே நிற்க, ஓரத்தில் 6 சென்டிமீட்டராக உள்ள கலவை ஜாலி அருகே 3 ஆகக் குறையும். கழுவும் பகுதிக்கு ஒரே கனமாகக் கணக்கிட்டால் 0.72 கன மீட்டர் கலவை. உண்மையில் தேவை 0.60. ஆறில் ஒரு பங்கு மிச்சம். தொகை சிறிதுதான், ஆனாலும் விதவையின் காசும் சேர்ந்த பணத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்ததை மூத்த வாசகர்கள் அறிவீர்கள். சக்கரத்தின்மேல் வாழ்கிறவர்களுக்குத் தளத்தின் ஒவ்வொரு அங்குலமும் முக்கியம்.

கணினியில் சரியாக இருப்பது தரையிலும் சரியாக வர, கொத்தனாரின் ரசமட்டமும் பொறுமையும் வேண்டும். ஓடு பதிக்கும் முன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். தண்ணீர் ஜாலிக்குப் போகவேண்டும். கதவோரம் காய்ந்தே கிடக்கவேண்டும். அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்