ஜக்கார்டு அட்டையிலிருந்து சங்கத்துக் கணினி வரை

கணினி என்ற பேச்சு எழுந்தவுடனே நம் நெசவாள அங்கத்தினர்களில் பலர், அது பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவ்வாறு ஒதுங்குவதற்கு நியாயமே இல்லை. அந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால் அது நம்மைத் தறிமேடையிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

தறியின் உச்சியில் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை அன்பர்கள் அறிவார்கள். 1804ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் அமைத்தது அது. மாலைபோலக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து ஊசிகளின்முன் நிற்கின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு சேர்ந்த கொக்கி பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இழை கீழேயே தங்கிவிடுகிறது. மாங்காயும் மயிலும் இந்த 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டு சொற்களாலேயே உருவாகின்றன. இன்றைய கணினியும் இவ்விரண்டையன்றி வேறொரு சொல்லை அறியாது. அவற்றை ஒன்று என்றும் பூச்சியம் என்றும் அது எழுதிக்கொள்கிறது, அவ்வளவே பேதம்.

லண்டனில் வாழ்ந்த சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை 1830களில் ஒரு பெரும் கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் தீட்டியபோது, அதற்குக் கட்டளையிடத் துளையட்டையையே தேர்ந்தெடுத்தார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பெற்ற ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவர் வசம் இருந்தது. அவர் யந்திரம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அட்டை பிழைத்துக்கொண்டது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே எண்ணித் தந்தார். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணினி நிறுவப்பெற்ற காலத்திலும் மாணவர்கள் அட்டைக்கட்டுகளைச் சுமந்துகொண்டுதான் அதன்முன் சென்றார்கள்.

நம் தேசத்தவர் இத்துறையில் வெறும் வாடிக்கைக்காரராக மட்டும் இருந்துவிடவில்லை. சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த கணினி 1960இல் வேலை தொடங்கிற்று. 1962இல் அதற்கு 'டிஃப்ராக்' என்று நாமகரணம் செய்யப்பட்டது. அண்மைக் காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யார் 'சக்தி' என்னும் செயலியை வடிவமைத்தனர். 2018இல் அது சில்லாகவே வெளிவந்தது. அவ்வழியில் விண்வெளிப் பணிக்கென இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' என்னும் சில்லு 2025 பிப்ரவரியில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டப்பட்டது. நகத்தளவு சில்லுக்குள் இழை தூக்கும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது என்று சொன்னால் நெசவாளருக்கு விளங்கும். பொறியாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இவற்றையெல்லாம் விட நமக்கு நெருங்கிய நிகழ்ச்சி 2022 ஜூன் மாதத்தில் நடந்தது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு இசைவளித்தது. 1904இல் திரூரில் தொடங்கிய நம் மாகாணத்துக் கூட்டுறவுக் கடன் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பேரேட்டையும் சிட்டாவையும் நம்பி நடந்தது. அந்தக் கணக்கு இப்போது திரைக்கு இடம் மாறுகிறது.

மணலூர்பேட்டை போன்ற ஆற்றங்கரை ஊர்களுக்கு இதில் தனி அனுகூலம் உண்டு. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையூர்களை என்ன பாடு படுத்தியது என்பதை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த பேரேட்டில் மை கரைந்தால் கணக்கும் கரைந்தது. வேறோர் ஊரிலும் பிரதி உள்ள கணக்குக்கு அந்தப் பயம் இல்லை.

ஆனால் பயம் வேறோரிடத்தில் இருக்கிறது. அட்டை குத்துபவர் ஒரு துளையைத் தவறிக் குத்தினால், சேலை முழுவதும், அட்டை திரும்ப வரும்போதெல்லாம், அதே இடத்தில் அதே குறை விழுமன்றோ? கணினியும் அப்படியே. பழைய பேரேட்டிலிருந்து முதன்முதலில் ஏற்றப்படும் நிலுவைத் தொகைதான் அதற்கு அட்டை. நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், ஒரே பெயரும் ஒரே தகப்பனார் பெயரும் உடைய இரு கரும்பு விவசாயிகள் இருந்தார்கள். ஒருவர் கட்டிய தவணை மற்றவர் கணக்கில் ஏறிவிட்டது. கட்டியவர் பெயர் தவணை தவறியோர் பட்டியலில் வந்தது. அடுத்த பட்டத்துக்குப் பயிர்க்கடனும் நின்றது. நல்லவேளையாக அவர் மனைவியார் ரசீதை அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அந்தத் துண்டுக் காகிதம் வந்த பிறகே கணக்கு நேரானது.

பெயரை எழுதும் விதத்திலும் இதே தொல்லை உண்டு. ஏழுமலை என்பது நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் தாங்கும் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ'கரத்துக்கு ஆளுக்கொரு எழுத்தைப் போடுகிறார்கள். ஆதாரில் ஒருவிதம், வங்கிப் புத்தகத்தில் ஒருவிதம், சங்கத்தில் ஒருவிதம் என்றிருந்தால், கணினி அவரை மூன்று ஆளாகவே கருதும்.

இது அற்ப விஷயமன்று. 2021இல் ஐந்து சவரனுக்குட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, ஒருவரே பல சங்கங்களில் பெற்ற கடன்கள் கணினி விவரங்களையும் ஆதார், குடும்ப அட்டை எண்களையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கப்பட்டன. ஹொலரித்தின் அட்டைகள் ஜனங்களை வகைபிரித்தாற்போல் இந்த எண்கள் கடன்காரரை வகைபிரித்தன. முறைகேடு செய்தவர் அகப்பட்டது நல்லதே. எண் தவறிப்போன யோக்கியரும் அதே சல்லடையில் சிக்க இடமுண்டு என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

ஆகையால் தங்கள் சங்கத்துக் கணக்கு கணினிக்கு மாறியதும், அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒருநாள் வேலையை விட்டாவது சங்கத்துக்கு வந்து, தம் கணக்கின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். பங்குத் தொகை, சேமிப்பு, கடன் பாக்கி, கடைசியாகக் கட்டிய தேதி ஆகியவற்றை ரசீதோடு ஒப்பிட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் அழைத்து வரலாம். வித்தியாசம் தென்பட்டால் வாய்ச்சொல்லோடு நிற்காமல் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்குத் தேதியிட்ட ஒப்புதலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய ரசீதுகளை அதுவரை எவரும் அடுப்பில் போட்டுவிட வேண்டாம்.