இளவேனிலில் மூன்று நாட்கள்

பால்மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நின்ற காலம் போய், தளிர் விட்டுப் பச்சைப் பசேலென்று நிற்கும் காலம் சித்திரை. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் முன்னோர் பெயரிட்டார்கள்.

காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாம் வேலைக்குப் புறப்பட்டு விடுகிறோம். அந்தத் தாள்களில் சில, நம்மைப் போன்ற ஏழை எளியவர்கள் நிமிர்ந்து நின்ற நாட்கள். வாசகர்களே, அப்படி மூன்று நாட்களை இங்கே பார்ப்போம்.

ஏப்ரல் 30

உப்புக்கும் வரி போட்டது ஆங்கிலேய அரசாங்கம். கடற்கரையில் கிடக்கும் உப்பை அள்ளுவதே குற்றம். காந்தியடிகள் தண்டியில் அந்தச் சட்டத்தை மீறியது 1930 ஏப்ரல் 6இல். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13இல், இராஜாஜி தலைமையில் தொண்டர் படை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது. நம் முன்னோர் பலர் விட்டு வந்த சீமை அது.

தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்க விட்டார்கள்! கட்டியது யார் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிக்க முடியும்? ஏப்ரல் 30இல் இராஜாஜி உப்பு அள்ளினார், சிறை சென்றார். பொட்டலம் கட்டிய தாய்மார்களின் பெயர்களை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தப் பயணம் ஏது?

மே 1

1886ஆம் ஆண்டு இதே நாளில் அமெரிக்கத் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். “நாளுக்கு எட்டு மணி நேர வேலை” என்பதே கோரிக்கை. சிகாகோ நகரில் போலீசார் சுட்டார்கள். மறுநாள் கூட்டத்தில் குண்டு வெடித்தது. எறிந்தவர் யாரென்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் தொழிலாளர் தலைவர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவில் பிறந்ததே மே தினம். இந்தியாவில் அதை முதன்முதலில் கொண்டாடியவர் ஒரு தமிழர். 1923இல் சென்னைக் கடற்கரையில் கூட்டம் கூட்டிய சிங்காரவேலர்தான் அவர்.

மே 6

இது நம் மண்ணின் கதை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைக் கவனித்தீர்களா? அதில் காசு இல்லை, மானம் இருக்கிறது.

கிள்ளான் இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர்.எச்.நாதன் மே 6இல் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். செய்தி பரவியதும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. சிலாங்கூரில் அவசரகாலச் சட்டம் வந்தது, பட்டாளமும் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் மாண்டார்கள். போராட்டம் அன்றைக்கு ஒடுக்கப்பட்டது.

ஆனால் தோற்றது என்று சொல்லலாமா? இன்று யாரைக் கண்டும் நாம் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. நம் பிள்ளைகளும் தலைநிமிர்ந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள்.

அடுத்த முறை இந்தத் தேதிகளைக் கிழிக்கும்போது, பிள்ளைகளை அருகில் அழைத்து இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி சொன்ன தோட்டத்துக் கதை உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல ஆளில்லாவிட்டால், தியாகமும் வெறும் தாளாகிக் குப்பைக்குப் போய்விடும்.